ஆறிக் கெட்டியான கிழங்கு மசியல்

உருளைக்கிழங்கு மசியல் மிஞ்சினால் அன்றிரவே அதை வேறொன்றாக்க அவசரப்படாதீர்கள். ஆறவிட்டு, மூடி, ஒரு இரவு பிறிட்ஜுக்குள் கிடக்கவிடுங்கள். காலையில் கரண்டியைக் குத்தினால், குத்திய இடத்தில் கரண்டி அப்படியே நிற்கும். அந்தப் பதத்துக்காகவே நான் இப்போதெல்லாம் தேவைக்கு மேலே இரண்டு கிழங்கு கூடப் போட்டு அவிக்கிறேன். சீஸ் சேர்த்து ஓவனிலோ பேக்கரிக்காரரின் விறகடுப்பான போறணையிலோ சுட்டெடுக்கும் சிற்றுண்டிக்கு, சுடச்சுட மசித்த கிழங்கைவிட முதல்நாள் மிஞ்சியதே பொருத்தம். சிக்கனத்துக்காகச் சொல்லும் சமாதானம் இல்லை இது. வாயில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

வன்னியில், எங்கள் விசுவமடுப் பக்கத்து வீடுகளில் சோற்றோடு கிழங்கு மசியல் வைக்கும் வழக்கம் இல்லை. உருளைக்கிழங்கு என்றால் பால்கறி, பிரட்டல், பிள்ளைகள் கேட்டால் பொரியல். மசித்த கிழங்கு எங்கள் குசினிக்குள் வருவது றோல்ஸ், பற்றீஸ், கட்லட் செய்யும் நாளில்தான். பிறந்தநாளோ சாமத்தியவீடோ வந்தால் முதல்நாள் பின்னேரமே பெரிய சட்டியில் கிழங்கு அவியத் தொடங்கிவிடும். றோல்ஸ் செய்து பழகின எவரையும் கேட்டுப் பாருங்கள், சுற்றுகிற தோசையும் உள்ளே வைக்கிற கிழங்கும் ஒருநாளும் சரிக்குச் சரி முடிவதில்லை. அநேகமாகக் கிழங்குதான் மிஞ்சும்.

ஓகஸ்ட் மாதத்தில் இன்னொரு வழியாகவும் மிஞ்சும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டுச் சனம் வந்திறங்கும் காலம் அது. எங்கள் அக்கா ஜேர்மனியிலிருந்து பிள்ளைகளோடு வந்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவா. பிள்ளைகள் எங்கள் உறைப்பில் இரண்டு நாள் தாக்குப்பிடிப்பார்கள், பிறகு கிழங்கு கேட்பார்கள். அக்கா அவித்த கிழங்கைச் சூட்டோடு மசித்து, சுடுபாலும் பட்டரும் விட்டு, கடைசியில் சாதிக்காயைச் சுரண்டிப் போடுவா. அந்த வாசனை எங்கள் குசினிக்குப் புதிது. ஆனால் சாதிக்காய் கண்டி, மாத்தளைப் பக்கத்து மரத்தில் காய்ப்பதுதானே.

"அக்கா, இவ்வளவையும் ஆர் சாப்பிடுறது?" என்று ஒருக்கால் கேட்டேன்.

"மிஞ்சட்டும் விடு பிள்ளை. நாளைக்குத்தான் அதின்ர உண்மையான வேலை கிடக்கு" என்றா.

மறுநாள் அவ அதைத் தட்டையாகத் தட்டித் தாச்சியில் பட்டர் விட்டுப் பொரித்தா. அங்கே அதுதான் வழக்கமாம். நான் அதைச் சீஸ் பக்கமும் போறணைப் பக்கமும் கொண்டுபோனேன்.

ஒரு இரவுக்குள் கிழங்குக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் சுலபம். கிழங்குக்குள் மாப்பொருள் கண்ணுக்குத் தெரியாத சின்ன மணிகளாக இருக்கிறது. சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அந்த மணிகள் நீரைக் குடித்து வீங்கிக் களியாகின்றன. சூட்டோடு மசித்த கிழங்கு இளகிக் குழைவது அதனால்தான். அந்த நிலையில் முட்டையும் சீஸும் சேர்த்து உருட்டப் போனால் கையில் ஒட்டும், தட்டில் பரவும், இன்னும் கொஞ்சம் கோதுமை மா போடு போடு என்று கேட்கும். மா கூடக்கூடக் கிழங்கின் ருசி போய்விடும். ஆறும்போதோ, வீங்கிக் கிடந்த மாப்பொருளின் நீண்ட இழைகள் திரும்ப ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுகின்றன. பாண் ஒருநாள் கழிந்து விறைப்பதற்கும் இதே காரணந்தான். பிறிட்ஜின் 4 பாகைக் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் விரைவாக நடக்கும். பாணுக்குக் கேடாக முடிகிற அதே மாற்றம் மசியலுக்கு நன்மையாக முடிகிறது.

பெரிய தொழிற்சாலைகளும் இந்தக் குணத்தைத்தான் நம்பியிருக்கின்றன. வெந்நீர் விட்டுக் கலக்கினால் மசியலாகும் உலர்ந்த கிழங்குச் சீவல் 1950களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உருவானது. கிழங்கை முதலில் 70 பாகை அளவில் அரைவேக்காடாக வைத்து, குளிர்நீரில் ஆறவிட்டு, அதன் பிறகுதான் முழுதாக அவிப்பார்கள். நடுவிலே அந்த ஆறல் இல்லாவிட்டால் முடிவில் பசை மாதிரி ஒன்றுதான் வரும். அதற்கும் பல நூறு ஆண்டு முந்தி, உருளைக்கிழங்கின் தாய்நிலமான அந்தீஸ் மலையில், பெருவிலும் பொலிவியாவிலும், கிழங்கை இரவுப் பனியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் போக்கி, வெயிலில் காயவைத்து ஆண்டுக்கணக்காகச் சேமித்தார்கள். இன்றைக்கும் செய்கிறார்கள். கிழங்கைக் கையாளத் தெரிந்த சனங்கள் எல்லாரும் குளிரைக் கூட்டாளியாக வைத்திருந்திருக்கிறார்கள்.

மசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிக்சியில் போட்டு அடிக்காதீர்கள். அலகு சுற்றுகிற வேகத்தில் கிழங்கின் கலங்கள் உடைந்து மாப்பொருள் வெளியே கொட்டிவிடும், பிறகு எத்தனை இரவு குளிரில் வைத்தாலும் அந்தப் பசைத்தன்மை போகாது. அகப்பையின் அடிப்பக்கமோ சின்னக் கிண்ணத்தின் அடியோ போதும். கட்டி ஒன்றிரண்டு கிடந்தாலும் பரவாயில்லை, சுட்டபிறகு வாய்க்குள் தட்டுப்படும்போது நன்றாகவே இருக்கும்.

கிழங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியில் உருளைக்கிழங்குச் செய்கை பெரிதாக இல்லை. இது நெல்லுப் பூமி. எங்களுக்கு வருவதெல்லாம் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கும், தை மாசி கழியும் காலத்தில் யாழ்ப்பாணத்துச் செம்மண் கிழங்கும், மற்றபடி இறக்குமதிக் கிழங்கும்தான். தம்புள்ளையில் ஏற்றின மூட்டை ஏ9 வீதியால் வந்து கிளிநொச்சிச் சந்தையில் இறங்கும். யாழ்ப்பாணத்துக் கிழங்கு கார்த்திகையில் நட்டு மாசி அளவில் கிண்டுவது. மண் ஒட்டியபடியே கடைக்கு வரும். அந்தக் கொஞ்ச நாட்களில் வேறு கிழங்கு நான் வாங்குவதில்லை. வெந்தபின் உதிருகிற, நீர்த்தன்மை குறைந்த கிழங்கு எதுவோ அதுதான் மசியலுக்கு ஏற்றது. நீர்க்கிழங்கு அகப்பட்டுவிட்டால், அவித்து வடித்த பிறகு அதே சட்டியில் மெல்லிய நெருப்பில் ஓரிரு நிமிடம் பிரட்டி ஈரத்தைப் போக்குங்கள். பச்சைக் கிழங்கைப் பிறிட்ஜுக்குள் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வைக்காதீர்கள். குளிரில் பச்சைக் கிழங்கின் மாப்பொருள் சீனியாக மாறி, இனித்துப்போய், சுடும்போது கெதியில் கறுத்துவிடும். காற்றோட்டமான இருட்டு மூலையே அதற்கு இடம். அவித்தது மட்டும் குளிருக்குப் போகட்டும்.

எங்கள் மாமிக்கு, அதாவது என் கணவரின் தாய்க்கு, முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. பழசைப் புதுசு மாதிரிக் காட்டுறது என்று நினைத்தா. நான் அவவிடம் பழங்கறியை ஞாபகப்படுத்தினேன். விரதச் சாப்பாட்டின் மிச்சக் கறிகளையெல்லாம் ஒரு சட்டியில் ஒன்றாக்கி, அடுத்தநாள் சுண்டக் காய்ச்சிச் சாப்பிடும் ருசி எந்தப் புதுக்கறிக்கு உண்டு? வயலுக்குப் போகிறவர்கள் விடியப்புறம் தயிரும் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்த பழஞ்சோறு, சட்டியில் கிடந்த சோறும் கறியும் ஒன்றாய்க் குழைத்துப் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி அம்மா உருட்டி உருட்டிக் கையில் வைத்த குழையல், இவையெல்லாம் மிச்சத்தில் பிறந்தவைதான். மிச்சத்தை ஒளித்து வைத்து வேறொன்றாகக் காட்டும் சமையல் எங்களுடையது இல்லை. ஒருநாள் கழிந்ததால் அதற்குள் வந்த புளிப்பையும் இறுக்கத்தையும் அறிந்து அதற்கேற்பச் சமைப்பதுதான் எங்கள் வழி. கிழங்கு மசியலிலும் நான் செய்வது அதையேதான்.

இந்த மண்ணில் சாப்பாட்டைக் கொட்டுவது லேசான காரியம் இல்லை என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மே 18 ஐ ஒட்டியும் இங்கே சந்திகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். அரிசியும் நீரும் உப்பும் மட்டும். 2009 இல் சனம் உயிரைப் பிடித்து வைத்திருந்த உணவு அது. வரிசையில் நின்று அதை வாங்கிக் குடித்தவர்களின் வீட்டில், மிஞ்சிய ஒரு கோப்பைக் கிழங்கைக் குப்பையில் போட எவருக்கும் கை வராது. பசியைத் தெரிந்த வீட்டில் மிச்சத்துக்கு மரியாதை உண்டு, அந்த மரியாதைக்குத் தகுந்த சமையலும் வேண்டும் என்பது என் எண்ணம்.

மரியாதை வேறு, கவனயீனம் வேறு. வன்னி வெக்கையில் மசியலை மேசையில் மணிக்கணக்காக விடக்கூடாது. மாப்பொருள் உணவில் வளரும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவு இரண்டு மணிநேரத்துக்குள் குளிருக்குப் போக வேண்டும் என்பது பொதுவிதி. வெளியே வெப்பம் 32 பாகைக்கு மேலென்றால் ஒரு மணிநேரம். எங்களுக்கு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அந்த ஒரு மணிநேரக் கணக்குத்தான் சரி. ஆழமான சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமெடுக்கும் என்பதால் அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். மூன்று நாளுக்குள் முடியுங்கள். 2022 இல், பொருளாதார நெருக்கடியில், நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது பிறிட்ஜ் வெறும் அலுமாரியாகிவிட்டது. அந்த மாதங்களில் நாங்கள் அளந்துதான் அவித்தோம், மிச்சம் வைக்கவே இல்லை.

இனிச் சீஸ். எங்கள் ஊரில் பாலுக்குக் குறை இல்லை. காலையில் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பால் கான்கள் கட்டின சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் போகும். சேகரிப்பு நிலையத்தில் பால்மானி விட்டுப் பார்த்து, கொழுப்பைப் பார்த்து விலை போடுவார்கள். கான் கானாக வெளியே போகிற அந்தப் பால், பால்மாப் பக்கற்றாகவும் முக்கோணச் சீஸ் துண்டாகவும் எங்கள் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. வயல் விதைத்த காலத்தில் மாடுகளைக் காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய், மேய்ச்சல் தரை இல்லாமல் அலைகிற பட்டிக்காரரின் பாடு ஒருபக்கம். தங்கள் பாலில் செய்த சீஸின் விலையைப் பார்த்து அதே ஊர்ப் பிள்ளைகள் கடையில் தயங்கி நிற்பது இன்னொரு பக்கம். இது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம். ஒரு கிலோ செடார் சீஸுக்கு ஏறத்தாழ 10 லீற்றர் பால் வேண்டும் என்பதால் அது மலிவாகக் கிடைக்கும் பொருள் இல்லை என்பது புரிகிறது. ஆனால் இத்தாலியின் கம்பானியாப் பகுதியில் பேர்போன மொசரெல்லாவை எருமைப் பாலில்தான் செய்கிறார்கள். எங்கள் எருமைப் பாலும் 7 சதவீதத்தை ஒட்டிய கொழுப்போடுதான் சுரக்கிறது. நாங்கள் அதைச் சட்டித் தயிராக்கி விற்கிறோம். தயிர் அருமைதான். அதோடு நிற்கத் தேவையில்லை என்கிறேன்.

எந்தச் சீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது இந்தச் சிற்றுண்டியில் பாதி. வீட்டில் எலுமிச்சம்புளி விட்டுப் பாலைத் திரையவைத்து எடுக்கிற பன்னீர் உருகாது. புளி பாலின் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கல்சியத்தைக் கரைத்துவிடுவதால், சூடு பட்டால் இளகாமல் இன்னும் இறுகும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்த கட்டியும் அப்படித்தான். அது நல்ல புளிப்பைத் தரும், மசியலுக்குள் இரண்டு மேசைக்கரண்டி சேர்ப்பேன், ஆனால் இழுபடாது. செடார் உருகும், உருகும்போது கொஞ்சம் எண்ணெய் கக்கும், மேலே தூவினால் அழகாகச் சிவக்கும். முக்கோணத் துண்டுகளாக வருகிற பதப்படுத்திய சீஸ் இன்னொரு ரகம். 1911 இல் சுவிற்சர்லாந்தின் தூண் நகரில் கண்டுபிடித்த முறை அது. சிற்றிக் அமில உப்பைச் சேர்த்துச் சூடாக்குவதால் கொழுப்பும் புரதமும் பிரியாமல் நிற்கும். அதனால் அது களிபோல இளகும், எண்ணெய் விடாது, இழையும் விடாது. ஆகவே முக்கோணச் சீஸ் நடுவுக்கு, செடார் உள்ளே கலக்கவும் மேலே தூவவும். இரண்டும் வாங்கக் கட்டாதென்றால் முக்கோணச் சீஸ் ஒரு பெட்டி மட்டும் போதும், மேலே தூவ ரஸ்க் தூளில் கொஞ்சம் பட்டர் பிசறிக்கொள்ளுங்கள்.

அளவு சொல்கிறேன். மசியல் அரைக்கிலோ அளவு. முட்டை ஒன்று. துருவிய செடார் 100 கிராம், அதில் ஒரு பிடியை மேலே தூவ எடுத்து வையுங்கள். கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டி, மசியலில் ஏற்கெனவே பால் கூடுதலாக விட்டிருந்தால் மூன்று. சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டை மெல்லியதாக வெட்டிப் பொன்னிறமாக வதக்கி, இறக்குகிற நேரம் உள்ளி இரண்டு பல்லும் கறிவேப்பிலையும் சேர்த்து மொறுமொறுப்பாக்குங்கள். கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கிப் போட்டால் ஒவ்வொரு கடியிலும் வரும். கட்டைத்தூள் (ஒன்றிரண்டாக இடித்த செத்தல் மிளகாய்) ஒரு தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி. உப்பைக் கடைசியில் பாருங்கள், சீஸில் வேண்டிய மட்டும் உப்பு உண்டு. மசியலில் பட்டர் இருந்தால் அதிலும் இருக்கும்.

குளிர்ந்த மசியலை முதலில் முள்ளுக்கரண்டியால் கிளறி உதிர்த்துவிட்டு மற்றதெல்லாம் சேருங்கள். பிசையாதீர்கள், பிரட்டிச் சேர்த்தால் போதும். கொழுக்கட்டை மாவைப்போலப் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் கையில் ஒட்டாமல் விலக வேண்டும். சின்னத் தேசிக்காய் அளவு எடுத்து, குழி செய்து, முக்கோணச் சீஸில் கால்வாசித் துண்டை வைத்து மூடி உருட்டுங்கள். வெடிப்பு இருந்தால் அந்த வழியால் சீஸ் ஓடிவிடும், ஆகவே நனைத்த விரலால் தடவி மூடுங்கள். கப் கேக் தட்டுக் குழிகளில் எண்ணெய் பூசி, ரஸ்க் தூள் தூவி, உருண்டைகளை வைத்து மெல்ல அழுத்தி, மேலே மிச்சச் செடார். ஓவன் 200 பாகைக்குச் சூடேறிய பிறகு வையுங்கள். 25 நிமிடத்தில் ஓரம் சிவந்து, விளிம்பில் உருகிய சீஸ் கொதித்துப் பொரியும் சத்தம் கேட்கும். வெளியே எடுத்து உடனே கிளப்பாதீர்கள். ஒரு எட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் ஓரத்துச் சீஸ் இறுகி, கத்தியை ஒருமுறை சுற்ற முழுசாக எழும்பி வரும். அந்த ஓரத்துக் கறுப்புச் சிவப்புப் பொருக்கைப் பிள்ளைகள் தனியாகப் பிய்த்துத் தின்பார்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நந்திக்கடல் இறால் கிடைத்தால் சின்னதாக வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு நீர் வற்றப் பிரட்டி இதற்குள் சேருங்கள். சீஸும் கடலுணவும் சேராது என்று சிலர் சொல்வார்கள். நந்திக்கடல் இறாலைச் சாப்பிடாதவர்கள் சொல்கிற கதை அது.

ஓவன் இல்லாத வீடுகள்தான் இங்கே கூட. அதற்காக இதைக் கைவிட வேண்டியதில்லை. தொண்ணூறுகளில், எரிபொருள் தடை இருந்த காலத்தில், மின்சாரமே இல்லாத வன்னியில் அம்மா பிறந்தநாளுக்கு கேக் சுட்டவ. அடி தடித்த பெரிய அலுமினியப் பானைக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் மூன்று ஓட்டுத்துண்டு வைத்து, தட்டை அதில் இருத்தி, பானைக்குத் தட்டையான மூடி போட்டு, மூடிமேல் சிரட்டைத் தணலைப் பரப்புவா. கீழே மெல்லிய விறகு நெருப்பு. மேல்தணல் கீழ்நெருப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பா. அடி மணலில் சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், ஆனால் சீஸ் சிவப்பது மேற்சூட்டில்தான். தட்டு வைக்க முந்திப் பானைக்குள் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றைப் போட்டு மூடுவா. அது கருகாமல் மெல்லப் பழுத்த நிறத்துக்கு வந்தால் பதம். உடனே கறுத்தால் விறகை இழுத்துவிடுவா. இதே பானையில் இந்தக் கிழங்கை அரைமணி நேரத்தில் சுட்டெடுக்கலாம். சிரட்டைத் தணலின் வாசம் சீஸில் ஏறும்போது மின்சார ஓவனில் வராத ஒன்று வருகிறது. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசை நின்ற காலத்தில் இந்தப் பானையை நான் திரும்ப இறக்கினேன், பிறகு மேலே ஏற்றவில்லை.

கூட்டமாகச் செய்கிற நாளில் பேக்கரிக்குக் கொண்டுபோவேன். எங்கள் சந்தியில் விறகு எரிக்கிற போறணை இன்னும் இருக்கிறது. செங்கல்லால் கட்டிய வளைவுக் கூரை, உள்ளே விறகை எரித்துத் தணலை ஒதுக்கிவிட்டு, கல் குடித்து வைத்திருக்கும் சூட்டில் பாண் வேகும். பாண் இறங்கிய பிறகும் மணிக்கணக்காகச் சூடு நிற்கும். கேக், பணிஸ் எல்லாம் அந்த இறங்குசூட்டில்தான்.

"அண்ணை, பாண் எடுத்தாப் பிறகு இந்தத் தட்டுகளை ஒருக்கா வைப்பியளோ?"

"கொண்டு வா தங்கச்சி. என்ன, கேக்கோ?"

"இல்லை அண்ணை, கிழங்கும் சீஸும்."

அவர் ஒரு பிடி மாவை எடுத்துப் போறணைத் தரையில் எறிந்து, அது என்ன வேகத்தில் சிவக்கிறது என்று குனிந்து பார்த்தார். "இன்னும் சூடு கூட. சீஸ் கருகிப்போடும். ஒரு கால்மணித்தியாலம் பொறு, வாசல்பக்கமா வைச்சுத் தாறன்." அந்தக் கண்ணுக்கு வெப்பமானி தேவையில்லை. நீளத் தடியால் தட்டை ஒருமுறை அரைவட்டம் திருப்பி வைத்தார். வந்தது எல்லாப் பக்கமும் ஒரே நிறம். நான் வீட்டில் சுட்டதில் அப்படி ஒரு நிறம் வந்ததே இல்லை. தனக்கு இரண்டு எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிற பாணைத் தூளாக்கி மேலே போட்டால் இன்னும் மொறுமொறுக்கும் என்று சொல்லியனுப்பினார். அவர் சொன்னது சரி.

தொட்டுக்கொள்ளப் போத்தல் சோஸ் வேண்டாம். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் புளிப்பு வேண்டும். மாங்காய்க் காலத்தில் மாங்காய்ச் சம்பல், மற்ற நாளில் வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் இடித்துத் தேசிக்காய் விட்ட சம்பல். கூடவே இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணி, பனங்கட்டிக் கடியோடு.

வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் வீடுகளுக்கு முட்டையில்லாமலும் செய்யலாம். முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி சோளமாவும், முன்னே சொன்ன கட்டித் தயிரும். கொஞ்சம் மென்மையாக இருக்கும், ஆறவிடும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். சைவக்காரர் சீஸ் பெட்டியையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பாலை உறையவைக்கும் நொதியம் சிலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது, சிலவற்றில் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. பின்னையதைப் போட்ட சீஸ் எங்கள் மாமிக்கு ஒத்துவரும்.

மாமி இப்போது இதைச் சாப்பிடுவா. சாப்பிட்டுவிட்டு ஒருநாள், "உது மரவள்ளியில வராதோ பிள்ளை? வளவு முழுக்க நிக்குது" என்று கேட்டா. வரும். பிரேசிலில் மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுட்ட சின்ன உருண்டைதான் காலைச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாம் விற்பது. எங்களுக்கு மாவாக்கத் தேவையில்லை. கிழங்கைத் தோல் சீவி, மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, நடுத்தும்பை எடுத்துச் சூட்டோடு மசியுங்கள். ஆறினால் மரவள்ளி உருளைக்கிழங்கைவிட இறுகும், மசிக்க விடாது. மசித்த பிறகு ஆறட்டும். மா சேர்க்கவே வேண்டியதில்லை, தானே பிடிக்கும். மேலே பொருக்கு மொறுமொறுப்பாகவும் உள்ளே சவ்வாகவும் வரும், முக்கோணச் சீஸ் அதற்குள் இன்னும் நன்றாக நிற்கும். மரவள்ளி சுடுகிற அன்றைக்குத் தேத்தண்ணிக்கு இஞ்சி போடாதீர்கள். இரண்டும் சேரக்கூடாது என்று மாமி சொல்லுவா, எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை மீறினது கிடையாது. ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போடுங்கள்.